சீர் கொண்டு வந்த அண்ணனுக்கு

அண்ணே,

திருவிழா ஒலிபெருக்கியைப் பற்றிய மனுவில் இருக்கிற கையெழுத்து என்னுடையதுதான். யாரோ என் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று அண்ணி ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எழுதினார்கள், நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். திருவிழாவை நிறுத்தச் சொல்லி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வேண்டாம், பள்ளிச் சுவரை ஒட்டி பாக்ஸ் அடுக்க வேண்டாம், அவ்வளவுதான். இரண்டுமே 2000-ஆம் வருஷத்திலிருந்து சட்டத்தில் இருப்பவை. புதிதாக நான் ஒன்றும் கேட்டுவிடவில்லை.

நீ ஃபோனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. இங்கே எழுதினால் மருமகன் எப்படியும் உனக்குப் படித்துக் காட்டிவிடுவான். கூடவே சித்தப்பாவும், நாட்டார் வீட்டுப் பிள்ளைகளும், துபாயில் இருக்கிற நம் ஊர்ப் பையன்களும் படிப்பார்கள். அதனால் ஊர்ப் பெயரைப் போடவில்லை. நாகப்பட்டினத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவில் எத்தனையோ குப்பங்கள் இருக்கின்றன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளட்டும். சில விஷயங்களை நீயும் நானும்தான் பேச வேண்டும். அவற்றை இங்கே தொட மாட்டேன்.

என் பாப்பாவின் காதுகுத்து அன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவே சுற்றுகிறது. நீ கோபப்பட்ட இடத்தை மட்டும் வெட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதில் பாப்பாவைத்தான் பார்க்கிறேன். பத்தர் ஊசியை எடுப்பதற்கு வெகுநேரம் முன்னாலேயே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பந்தல் வாசலில் சரவெடி, டாடா ஏஸில் அடுக்கிய பாக்ஸ், அதற்குப் பின்னால் தட்டுத் தட்டாகச் சீர். சத்தத்தைக் குறைக்க அவள் காதில் நான் மாட்டியிருந்த மஃபை நீ கழற்றிய பிறகு இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அந்தக் கையையும் யாரோ பிடித்து இறக்கினார்கள். யார் என்று வீடியோவில் தெரியவில்லை, தெரியாமலே இருக்கட்டும்.

"மாமன் சீர் வர்றப்ப காத மூடிக்கிட்டு உக்காந்தா என்ன அர்த்தம்?" என்று கேட்டாய். சபையில் கேட்டாய். அன்றைக்குப் பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். இன்றைக்குச் சொல்கிறேன். காதை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். வேறு எந்த அர்த்தமும் இல்லை. உனக்கு அது அவமானமாகப் பட்டது. பட்டிருக்கும், எனக்குப் புரிகிறது. கடன் வாங்கிச் சீர் செய்த மனுஷன் நீ. உன் மனசு நொந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மஃபை மாட்டியதற்குக் கேட்க மாட்டேன்.

"நான் கட்டிய ஃபீஸில் படித்துவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறாள்" என்றாயாமே. உண்மைதான். கடலுக்குப் போய் வந்த பங்குப் பணத்தில்தான் காது பரிசோதிக்கிற படிப்பைப் படித்தேன். அதை நான் மறந்த நாள் கிடையாது. ஆனால் படித்ததை உபயோகிக்கக் கூடாது என்றால் எதற்கு அண்ணே படிக்க வைத்தாய்?

பிறந்த குழந்தையின் காதில் ஒரு சின்னக் குழாயை வைத்து மெல்லிய சத்தம் ஒன்றை உள்ளே அனுப்புவோம். நல்ல காதாக இருந்தால் அதுவே ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்பும். உள்ளே இருக்கிற மயிரிழைச் செல்கள் செய்கிற வேலை அது. ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 செல்கள், பிறக்கும்போது கிடைப்பதுதான் மொத்தம். கோழிக்குச் செத்த செல் திரும்ப முளைக்கும், மீனுக்கும் முளைக்கும். நமக்கு முளைக்காது. ஒரு தடவை மிதிபட்ட நாற்று மறுநாள் நிமிர்ந்துகொள்ளும், மிதித்துக்கொண்டே இருந்தால் அப்படியே சாய்ந்துவிடும். காதும் அப்படித்தான். திருவிழா முடிந்த மறுநாள் 'ஙொய்' என்று இரைந்து, அப்புறம் சரியாகிவிட்டது என்போம். சத்தம் கேட்கிற அளவு பழைய இடத்துக்கு வந்துவிடும், ஆனால் செல்லிலிருந்து நரம்புக்குப் போகிற இணைப்புகளில் ஒரு பங்கு திரும்பாமலே போகலாம் என்பதை 2009-இல் எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். சாதாரணப் பரிசோதனையில் அது அகப்படாது.

குழந்தைக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபல் வரைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு 80. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகிவிடும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் குழந்தையின் ஒரு வாரத்துப் பங்கு எட்டு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும். உன் சீர் தெருமுனையிலிருந்து பந்தலுக்கு வருவதற்கே அதைவிட அதிக நேரம் ஆனது. வெடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை சட்டமே விடுகிறது, குழந்தையின் காதுக்கு ஒரு தடவைகூட 120-ஐத் தாண்டக் கூடாது. சட்டப்படி செய்த வெடியே அதிகம்தான். பஞ்சு வைத்தால் போதுமே என்று அண்ணி சொன்னார். பஞ்சு வைத்தால் நம் மனசுக்குத்தான் நிம்மதி, சத்தம் ஏறக்குறைய அப்படியே உள்ளே போகும்.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் மாதிரி பேசுகிறாள் என்பாய். எழுத உட்கார்ந்ததிலிருந்து வேறொன்றுதான் ஞாபகம் வந்துகொண்டிருக்கிறது.

சுனாமிக்கு முந்தின வருஷத்து மாசி. பொம்பளப் பிள்ளையை வள்ளத்தில் ஏற்றக் கூடாது என்று அப்பாயி கரையில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போதே நீ என்னைத் தூக்கி உள்ளே போட்டாய். அப்பாவுக்கு அன்று காய்ச்சல். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் போனோம். எஞ்சின் விசிறியில் பழைய வலைக்கயிறு சுற்றிக்கொண்டு நின்றுபோனது. நீ கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தாய். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் நின்றதும் கடல் அத்தனை பெரிதாகிவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன்.

நீ தலையை வெளியே நீட்டி, "யாரோ விசிலடிக்கிறாங்கடி" என்றாய். மறுபடி முங்கினாய். வெளியே வந்து, "எந்தப் பக்கம்னே தெரியல, மண்டைக்குள்ளயே கேக்குது" என்றாய். சத்தம் தண்ணீருக்குள் நொடிக்கு 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகம். அதனால் நம் இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிடும், திசை பிடிபடாது. அது பின்னால் படித்தது. அப்போது நீ என் தலையைப் பிடித்து வள்ளத்தின் பலகையோடு என் காதைச் சேர்த்து அழுத்தினாய். டீசல் நாற்றம், ஈரப்பலகை. அப்புறம் கேட்டது. மெல்லியதாக, மேலே ஏறி வளைந்து இறங்குகிற சீழ்க்கை. நின்று, மறுபடியும் அதே மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஓங்கில் (டால்பின்) இரண்டு எழும்பின, பெரியது ஒன்றும் அதன் விலாவை ஒட்டிக் குட்டி ஒன்றும். "அம்மாக்காரி கூப்புடுறா" என்று சொன்னாய். நீ சும்மாதான் சொன்னாய். ஆனால் சரியாகத்தான் சொன்னாய்.

ஓங்கில் குட்டி முதல் வருஷத்துக்குள்ளேயே தனக்கென்று ஒரு சீழ்க்கையை உண்டாக்கிக்கொள்ளும். மற்றவை அதைக் கேட்டுத்தான் அதை அடையாளம் காணும், தாயும் குட்டியும் பிரிந்துபோனால் சீழ்க்கையாலேயே தேடிச் சேரும். ஃப்ளோரிடாவில் சரசோட்டா வளைகுடாவில் 19 தாய்களின் சீழ்க்கையைப் பதிவுசெய்து பார்த்ததில், குட்டி கூட இருக்கும்போது தாய் சுருதியை இன்னும் மேலே ஏற்றுகிறது என்று 2023-இல் எழுதினார்கள். நீ பாப்பாவைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டு கொஞ்சுவாயே, அதுதான். ஓங்கிலுக்கு வெளிக்காது கிடையாது, ஊசித் துளை மாதிரி ஒரு தடம் மட்டும். சத்தத்தைக் கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பு வாங்கி உள்காதுக்கு அனுப்புகிறது. ஐப்பசி கார்த்திகையில் நம் ஆற்று முகத்துவாரம் கலங்கிக் கிடக்கிறபோது கண்ணால் என்ன செய்ய முடியும்? 'டிக் டிக்' என்று சத்தம் விட்டு, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் மீன் எங்கே, கரை எங்கே என்று அறிகிறது. தூங்கும்போதுகூட மூளையில் ஒரு பாதி விழித்திருக்கும்.

அமெரிக்காவில் கரை ஒதுங்கிய ஓங்கில்களின் காதைப் பரிசோதித்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் பாட்டில்மூக்கு இனத்தில் பாதிக்கு மேல் கடுமையான செவிக்குறை. எல்லாம் சத்தத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. வயசாகலாம், பிறவியிலேயே இருக்கலாம், சிகிச்சையில் கொடுத்த மருந்தும் காரணமாகலாம். ஆனால் கப்பல் சத்தம் கூடினால் அவை சீழ்க்கையை மேலே ஏற்றி, வளைவு நெளிவைக் குறைத்துவிடுகின்றன என்று 2018-இல் அங்கேயே மேரிலாந்து கரையோரத்தில் கண்டிருக்கிறார்கள். திருவிழாப் பந்தலில் நாம் காதருகே போய், "சாப்டியா? வர்றியா?" என்று ரெண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறோமே.

நீ கயிற்றை அறுத்துவிட்டு எஞ்சினைப் போட்டாய். அவ்வளவுதான், பலகையில் காதை வைத்தால் எஞ்சின் மட்டும்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கரைக்கு வருகிற வரை உன்னிடம் பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்கு முதலில் கேட்டது நீ. நான் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. விசைப்படகில் டிரைவராக அந்த எஞ்சின் பக்கத்தில் நின்றே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாய். நான் கொடுத்த மஃபை ஒரு நாளாவது போட்டாயா? உன்னுடைய அந்தத் தாளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன். எஞ்சின் சத்தத்திலேயே இருப்பவர்களுக்கு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த சுருதிகளைக் கேட்கிற திறன் சரியும். பேச்சு கேட்கும், வார்த்தை பிடிபடாது. மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று தோன்றும். ஓங்கிலின் சீழ்க்கை பெரும்பாலும் அந்த அளவுக்கும் மேலேதான். யார் வீட்டில் டிவி சத்தத்துக்காக யாரோடு யாருக்குச் சண்டை என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. பாக்ஸை இத்தனை ஏற்றச் சொல்வது யார் காதுக்காக என்று மட்டும் கேட்கிறேன். கேட்டது தப்பென்றால் திட்டு. திட்டுவதற்காவது ஃபோன் செய்.

சரி, அதை விடு.

பாக்ஸைக் கடல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். ஓங்கிலுக்குக் காது வலிக்காதா என்று சித்தப்பா கிண்டல் செய்தாராம். வலிக்காது. காற்றில் போகிற சத்தம் பெரும்பாலும் தண்ணீர் மேல் பட்டு அப்படியே திரும்பிவிடும். அதற்குத் தொந்தரவு தண்ணீருக்குள் ஓடுகிற எஞ்சின்கள்தான், காரைக்காலுக்கு நிலக்கரி கொண்டு வருகிற கப்பலும் நம் படகும் சேர்த்துத்தான். பாக்ஸை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைக்கச் சொல். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். பிள்ளைகள் மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்கிறார்களே, அந்த இடத்தை மட்டும் பின்னால் தள்ளினால் போதும். இதற்கு யார் மனுவும் வேண்டாம், நாட்டாரிடம் நீ சொன்னால் நடக்கும். உன் பேச்சுக்கு ஊரில் மரியாதை இருக்கிறது. என் பேச்சுக்குத்தான் இல்லை.

பிள்ளையைச் செடில் மரத்தில் ஏற்றுகிற வேண்டுதல் அன்று காலையில் பாப்பாவோடு வருவேன். வேண்டுதல் வேண்டுதல்தான். நாதஸ்வரமும் தவிலும் தள்ளி நின்று கேட்கட்டும், இந்த மண்ணில் பிறந்துவிட்டு அதைக் கேட்காமல் வளர முடியாது. காதில் மஃப் இருக்கும். மருமகனுக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நீலக் கலர். அண்ணி வேண்டாம் என்றால் அவனிடமே கொடுப்பேன். ராத்திரிக் கச்சேரிக்கு இருக்க மாட்டோம், மாலை பஸ்ஸுக்கே தஞ்சாவூர் கிளம்பிவிடுவோம். அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டாம்.

தடைக்காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. படகு கரையில்தான் நிற்கிறது. ஒரு தடவை தஞ்சாவூர் வா. பரிசோதனைக்கு முன்னால் குறைந்தது 14 மணி நேரம் பெரிய சத்தத்தில் இருக்கக் கூடாது, அதனால் திருவிழா முடிந்த மறுநாளே கிளம்பி வராதே. ரெண்டு நாள் கழித்து வா. வரும்போது அந்தப் பழைய தாளையும் எடுத்து வா, கிழித்துப் போட்டிருந்தால் பரவாயில்லை, என்னிடம் நகல் இருக்கிறது.