மீன் தொட்டிக்கு நாலு குழல் வேண்டாம், இரண்டே போதும்

யாங்கோனில் நம் வாரயிறுதித் தமிழ் வகுப்பை நடத்தும் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். வாசிப்பறை மீன் தொட்டிக்குப் புது விளக்குப் பெட்டி வாங்க முடிவாகியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான்கு 54 வாட் டி5 குழல்கள் (மெல்லிய வகை ஃபுளோரசன்ட் டியூப்லைட்), அதில் ஒன்று நீலம், ஒன்று ரோஜா நிறம். செடி செழிக்கும், தொட்டி பளிச்சென்று இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். பளிச்சென்று இருப்பது உண்மைதான், ஆனால் கொஞ்ச நாளைக்கு. அப்புறம் கண்ணாடி முழுக்கப் பாசிதான் இருக்கும். மற்ற வகுப்புகளிலும் தொட்டி வைத்திருக்கிறார்கள் என்பதால் இதை எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நம் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணலும் கல்லும் போக 220 லிட்டர் தண்ணீர் நிற்கும். கடைக்காரர் சொல்லும் பெட்டி 216 வாட், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு வாட். அவ்வளவு வெளிச்சத்துக்குச் செடி ஈடு கொடுக்க வேண்டுமென்றால் சிலிண்டர் வைத்துக் கரியமில வாயு விட வேண்டும், உரமும் தவறாமல் போட வேண்டும். நம்மிடம் இரண்டும் கிடையாது. இரண்டு கவளம் சோறு போட்டுவிட்டு மூட்டை தூக்கச் சொல்வது மாதிரிதான் இது. செடி எடுத்துக்கொள்ளாத வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

நம்மிடம் இருக்கும் செடிகள் கிரிப்டோகோரைன், ஜாவா பெரணி, நாடா மாதிரி நீளும் வாலிஸ்னேரியா. மூன்றும் மிதமான வெளிச்சத்துக்குப் பழகியவை. மூடிக்குள் ஏற்கெனவே இருக்கிற இரண்டு 36 வாட் டி8 விளக்குப் பட்டைகளே (சற்றுத் தடித்த குழல் மாட்டுபவை) போதும். அவற்றில் மாட்டியிருக்கும் குழல்தான் சரியில்லை.

ஒரு தடவை மூடியைத் தூக்கி, குழலின் உலோக முனையை ஒட்டிக் கண்ணாடியில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். '54-765' என்று இருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய வகைக் குழல் அது. நமக்கு வேண்டியது '865'. முதல் எண் 8 என்றால் நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். அடுத்து வரும் 65, வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் 6500 கெல்வின், அதாவது பகல் வெள்ளை. அதே 36 வாட்டில் பழைய குழல் 2500 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தருகிறது என்றால் இது 3250 தரும், மங்குவதும் மெதுவாகத்தான். விலை வித்தியாசம் பெரிதில்லை. கடையில் 'டே லைட்' என்று கேட்டால் இரண்டில் எதையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நீலக் குழல் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கானது, அதை விட்டுவிடலாம். ரோஜாக் குழலால் கெடுதல் இல்லை, மீனின் சிவப்பைத் தூக்கிக் காட்டும். செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் 865 வெள்ளையிலேயே இருக்கின்றன.

இனி நம் ஊர் மின்சாரம். இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது, வந்தாலும் சில மாலைகளில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. பழைய சோக்கும் ஸ்டார்ட்டரும் இருந்தால் குழல் பிடிக்காமல் மினுக்கிக்கொண்டே இருக்கும், முனை கறுத்துச் சீக்கிரம் போய்விடும். எலக்ட்ரானிக் சோக்குக்கு மாற்றினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். முள் சுற்றும் டைமரும் வேண்டாம். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், நாலு நாளில் தொட்டி நடுராத்திரியில் எரிந்துகொண்டிருக்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கி எட்டு மணி நேரம் வையுங்கள். நடுவில் இருட்டு வந்தாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. மீனுக்குத்தான் கஷ்டம். இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால், விளக்குக்கு மிச்சம் பிடித்த காசில் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கலாம்.

மீன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் ஓடும் புள்ளி போட்ட சின்ன மீன், கடைக்காரர்கள் கேலக்ஸி என்கிறார்களே, அது நம் மியான்மரின் ஷான் மாநிலத்து மீன். 2006இல் ஹோபோங் பக்கத்தில்தான் அகப்பட்டது. செடி அடர்ந்த ஆழமில்லாத குட்டைகளில் வாழ்வது, கூச்ச சுபாவம். தலைக்கு மேல் 216 வாட் அடித்தால் செடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிள்ளைகள் பார்க்கத்தானே தொட்டி வைத்தோம்?

எல்.இ.டி.யே வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குழலில் பாதரசம் இருப்பதால், பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2027 முடிவுக்குள் ஃபுளோரசன்ட் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த 2023இல் ஒப்புக்கொண்டுவிட்டன. ஆகவே இன்று புது டி5 பெட்டியில் காசைப் போட்டால் பிறகு மாற்றுக் குழலுக்கு அலைய வேண்டிவரும். இருக்கிற பட்டைகளை 865 குழலோடு ஓட்டுவோம். அவை தேய்ந்த பிறகு எல்.இ.டி.க்குப் போவோம்.

வாங்கியதும் இரண்டு குழலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒன்றை இப்போது, மற்றதை இரண்டு மூன்று வாரம் கழித்து. வெளிச்சம் திடீரென்று கூடினால் பாசிக்குக் கொண்டாட்டம். மூடிக்குக் கீழே இருக்கும் கண்ணாடியில் படிந்த உப்புக் கறையை முதலில் வினிகர் போட்டுத் துடையுங்கள். கழற்றிய குழலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அட்டை உறையில் போட்டு வையுங்கள். தவறி உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஈரத்துணியால் அள்ளுங்கள், விளக்குமாறு வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். மாட்டும் வேலையை நானே வந்து செய்து தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தகப்பன்