சீட் உயரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் புது பைக்குகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்தது. விலை, மைலேஜ், டேங்க் எத்தனை லிட்டர் என்று எல்லாம் இருந்தது. தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று மட்டும் ஒரு வண்டிக்கும் இல்லை. என்னைப் போன்றவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

நான் நாலடி பதினோரு அங்குலம். கருமாத்தூரிலிருந்து காளவாசல் வரை ஏழு வருசமாகப் பால் ஊற்றுகிறேன். ஸ்கூட்டர் எடுத்துக்கோ என்று சொல்லாத ஆள் இல்லை. ஆனால் இருபது லிட்டர் கேன் இரண்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் போய்வர எனக்கு 18 அங்குலச் சக்கரம்தான் ஒத்துவருகிறது. அதனால் ஹீரோ ஸ்ப்ளெண்டர் பைக் எடுத்தேன். அதன் சீட் உயரம் 785 மில்லிமீட்டர் என்பதே எடுத்து வெகுநாள் கழித்துத்தான் தெரியும். கடையில் சென்டர் ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். அப்படி நிற்கும் வண்டியில் கால் எட்டுமா எட்டாதா என்று எப்படித் தெரியும்?

போன ஐப்பசி மழையில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, விராட்டிபத்து அருகே முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. நானும் இடது ஓரமாக ஒதுங்கிக் காலை ஊன்றினேன். ரோடு அந்த ஓரத்தில் சரிந்து இறங்குகிறது. ஊன்றிய கால் தரையைத் தொடுவதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. கணுக்கால் பிசகி இருபது நாள் படுத்தேன். அதற்குள் மூன்று வீட்டில் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஐந்து படி உண்டு. பால் பாரம் தாங்கட்டும் என்று மெக்கானிக் கடைசிப் படியில் ஏற்றி வைத்திருந்தார். கேன் நிறைந்திருந்தால் வண்டி அமுங்கும், கால் ஊன்றும். காலிக் கேனோடு வந்தால் வண்டி எழும்பி நிற்கும், பெருவிரல் நுனிதான் தொடும். இரண்டு படி இறக்கச் சொன்னேன்.

சீட்டுக்குச் சிம்மக்கல் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். உயரத்தைக் குறையுங்கள் என்றேன். அவர் என்னை வண்டியில் உட்கார வைத்து, தொடை படும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். "உயரத்தைவிட அகலம்தாம்மா உன் காலை விரிச்சு நிறுத்துது" என்று சொல்லி, முன்பக்க ஓரம் இரண்டையும் செதுக்கினார். நடுவில் அரை அங்குலம்தான் எடுத்தார். அதற்கு மேல் ஸ்பாஞ்சை எடுத்தால் அடித்தகடு உட்காரும் இடத்தில் குத்தும் என்று மறுத்துவிட்டார். இப்போது இரண்டு முன்பாதமும் தரையில் பதிகிறது. நிறுத்தும்போது ஓரத்தை விட்டு ஒரு முழம் உள்ளே தள்ளி நிறுத்தி, இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி ஒரு காலை முழுசாக ஊன்றுகிறேன்.

பின்பக்கத்தையே தாழ்த்திவிடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். அதை நான் செய்யவில்லை. வண்டி தாழ்ந்தால் சைடு ஸ்டாண்டு நீளமாகிப் போகும், வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் விழும். எங்கள் ஊர் வேகத்தடையில் அடிப்பாகமும் தட்டும்.

இதையெல்லாம் எழுதக் காரணம் என் அக்கா மகள். செக்கானூரணியிலிருந்து காலேஜுக்குப் போகிறாள், என்னைவிட ஒரு அங்குலம் குட்டை. புல்லட் வேண்டும் என்கிறாள். புல்லட் கம்பெனியான ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350 சீட் 805 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் மீட்டியார் 765தான், என் ஸ்ப்ளெண்டரைவிடத் தாழ்வு. ஆனால் மீட்டியார் 191 கிலோ, என் வண்டி 112. கால் எட்டினாலும், சாய்கிற அத்தனை எடையை அந்தப் பிள்ளை தாங்கிப் பிடிக்க வேண்டாமா? பஜாஜ் அவெஞ்சர் சீட் 737 என்று சொல்லியிருக்கிறேன், அதையும் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆகவே உங்கள் வாகனப் பக்கத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் சீட் உயரம், எடை இரண்டையும் போடுங்கள். சீட்டின் முன்பக்கம் ஒடுங்கியிருக்கிறதா, அகலமா என்று ஒரு வரியும் சேருங்கள். ஷோரூம்காரர்களும் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஒரு ஆள் பின்னால் பிடித்துக்கொள்ள, வழக்கமாகப் போடும் செருப்போடு உட்கார விட வேண்டும்.

என் அக்கா மகள் தை பிறந்ததும் வண்டி எடுக்கிறாள். அதற்குள் அந்தப் பக்கம் வந்தால் அவள் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
பால் ஊற்றும் ஒரு வாசகி,
கருமாத்தூர், மதுரை மாவட்டம்.