நீயாக நிறுத்திவிடாதே

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா! இனி உனக்கு உட்கார நேரமிருக்காது. சரி, மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மெட்டோப்ரோலால் ஆரம்பித்ததிலிருந்து நாடித்துடிப்பு 58-இல் நிற்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

மருந்துக்கடையிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், நீயாக நிறுத்திவிடாதே. துடிப்பைக் குறைப்பதுதான் அதன் வேலையே. பதற்றத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலின் இதயத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை பீட்டா ஏற்பிகள் என்பார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் மாத்திரை முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடும். இதயம் நிதானமாக, வேகம் குறைந்து அடிக்கும். அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறையும். மாடியேறினால் வந்த நெஞ்சுவலி இப்போது வருவதில்லை என்கிறாயே, அது இதனால்தான். பிரஷரை ஏற்றிவிடும் ரெனின் என்ற பொருளைச் சிறுநீரகம் சுரப்பதும் குறைவதால் பிரஷரும் இறங்கும். ஆனால் பிரஷர் மட்டும் இருப்பவர்களுக்கு இப்போதெல்லாம் பெரும்பாலும் வேறு மருந்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். உனக்கு இதைக் கொடுத்தது நெஞ்சுவலிக்காக.

திடீரென்று விட்டால் என்ன ஆகும்? மருந்து மறித்து நின்ற காலத்தில் உடம்பு அந்த ஏற்பிகளைக் கூட்டி வைத்திருக்கும். மருந்து விலகியதும் அட்ரினலின் அத்தனையிலும் பாயும். நெஞ்சுவலி முன்னைவிட மோசமாகத் திரும்பலாம், மாரடைப்பே வரலாம். நிறுத்த வேண்டியிருந்தால் டாக்டரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் தாமதிக்காமல் அவரிடம் போ.

உன் அண்ணனுக்கு இதயம் பலவீனம், அவருக்கும் இதே வகை மருந்தா என்று ஆச்சரியப்பட்டிருந்தாய். நியாயமான ஆச்சரியம்தான். அப்படிப்பட்டவர்களுக்கு இதைத் தரவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். 1999-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் ஆயுள் கூடுகிறது என்று காட்டின. இதே வகை மருந்தான ப்ரொப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் நெஞ்சுவலியைத் தணிக்கத்தான் முதலில் வழி தேடினார்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. உனக்குச் சுகரும் இருக்கிறது. சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சுகர் பார். விரல் சில்லிடுகிறது என்றாயே, அதுவும் இதன் பக்கவிளைவாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லி வை. அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
ராஜு