தொப்புள் ஆறாத குட்டிகள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இன்றுதான் கை ஒழிந்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தலைப்பிரசவம், சுகப்பிரசவம். இருவரும் நலம்.

படத்தில் சுறாவைப் பார்த்துப் பயந்த உன் பேரன், வேளாங்கண்ணி வரை வந்தும் கடலில் கால் நனைக்க மறுத்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஞாயிறு விடிகாலையில் பால்சுறா வாங்க நாகப்பட்டினம் போனேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கிண்டாத வீடு நம் பக்கத்தில் உண்டா? நம் அம்மாக்களும் நமக்கு அதைத்தானே ஊட்டினார்கள். கூடை நிறைய, ஒரு முழம்கூட வராத குட்டிகள். ஒன்றைப் புரட்டினேன். வெள்ளை வயிற்றில், இரண்டு துடுப்புகளுக்கு நடுவே, நகம் கீறினாற்போல ஒரு சின்னப் பிளவு. மூடாமல், இளஞ்சிவப்பாக இருந்தது. என்னவென்று கேட்டேன்.

“தொப்புள் அக்கா. பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும்” என்றார் விற்ற அம்மா.

அன்றைக்குத்தான் என் பேத்திக்குத் தொப்புள்கொடி விழுந்திருந்தது. குட்டியைக் கூடையில் வைத்துவிட்டேன். காரப்பொடி மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கும் பால் ஊறும் என்பார்கள்.

இத்தனை வருடம் சமைத்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பால்சுறா முட்டையிடுவதில்லை, வயிற்றுக்குள் கொடி வழியாக ஊட்டிக் குட்டி போடுகிறது. ஏறக்குறைய ஒரு வருடம் சுமக்கிறது. ஈற்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் குட்டிகள். மத்தியைப் போல ஆயிரமாயிரமாய் முட்டையிட்டு இழப்பை ஈடுகட்ட அதனால் முடியாது. கரையோர ஆழமற்ற நீரில் வந்து ஈனுவதால் குட்டிகள் நம் வலைக்கு எளிதில் அகப்பட்டுவிடுகின்றன.

பேரனிடம் இரண்டு எண்களைச் சொல். உலகம் முழுவதும் சுறாவால் உயிரிழப்பவர்கள் ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில்தான். மனிதர் கொல்லும் சுறாக்களோ, 2013-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 10 கோடி.

இந்தப் பயம் நம் கடற்கரையில் விளைந்தது அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது ‘சினை’ என்ற சொல்லை நாம் இருவரும் கவனிக்காமலே தாண்டிவிட்டோம். இப்போது அந்தச் சொல்தான் என்னை உறங்கவிடவில்லை.

குஜராத்தில் ஒரு காலத்தில் திமிங்கிலச் சுறாவை ஈட்டி எறிந்து கொன்றார்கள். 2001-இல் சட்டம் அதைத் தடுத்தது. சட்டத்தைவிட மனத்தைத் தொட்டது வேறொன்று என்று நினைக்கிறேன். 2004 முதல், ராமகதை சொல்லும் மொராரி பாபு, அந்தச் சுறா பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று ஊர் ஊராக எடுத்துச் சொன்னார். கொன்றவர்களே வலையை அறுத்து அதை விடுவிக்கிறார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. என் மகள் தாய்வீட்டில் படுத்திருக்கும் நேரத்தில் இதைப் படித்தேன், கண் கலங்கிவிட்டது.

விற்ற அம்மாவிடம் என் மனக்குறையைச் சொன்னேன். “வலையில் ஏறியதை என்ன செய்வது அக்கா? டீசல் காசு யார் கொடுப்பார்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இழப்பீடு என்ற ஒன்று இல்லாமல் மீனவரிடம் போய் நல்லெண்ணம் பேசுவது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் வாங்குகிற நாம் குட்டி வேண்டாம் என்று சொல்லலாமே. எங்கள் தெருவில் நாலு வீட்டில் சொல்லிவிட்டேன். ஒருத்தி முகம் சுளித்தாள், மற்ற மூவரும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

மே விடுமுறைக்குப் பேரனை அழைத்து வா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பூம்புகாருக்குக் காலையிலேயே போய்விடலாம். அவன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன், கணுக்கால் நனைந்தால் போதும்.

பேத்தி அழுகிறாள். மற்றவை நேரில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி