ஜன்னலோடு கதையை முடித்துவிடுங்கள்

‘விலங்குப் பண்ணை’யை மேடைக்கும் திரைக்கும் கொண்டுவரும் கலைஞர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய அந்த நாவலில், பண்ணை முதலாளி ஜோன்ஸை விரட்டிவிட்டுச் சமமாக வாழ நினைக்கும் விலங்குகள், நெப்போலியன் என்ற பன்றியின் கொடுங்கோலில் சிக்கிக்கொள்கின்றன. அந்தக் கதையின் முடிவில் கை வைத்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே கை வைத்திருக்கிறார்கள். லண்டனில் ஹாலஸ், பேச்சலர் தம்பதி எடுத்து 1954-இல் வெளியான கார்ட்டூன் படத்துக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது. ஆர்வெல் 1950-லேயே இறந்துபோயிருந்தார். படத்தின் கடைசியில் கழுதை பென்ஜமின் தலைமை தாங்க, விலங்குகள் மறுபடி திரண்டு பன்றிகளைத் தீர்த்துக்கட்டுகின்றன. 1999-இல் வந்த தொலைக்காட்சிப் படத்திலோ நெப்போலியனின் பண்ணை தானாகவே இடிந்துபோகிறது. புதிதாக ஒரு குடும்பம் காரில் வந்து இறங்குகிறது. பார்ப்பவர் பெருமூச்சு விட்டு எழுந்துபோகலாம்.

ஆர்வெல் 1945-இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தப் பெருமூச்சுக்கு இடமே இல்லை. உள்ளே பன்றிகளும் மனிதர்களும் சீட்டாடுகிறார்கள். நெப்போலியனும் பக்கத்துப் பண்ணைக்காரர் பில்கிங்டனும் ஒரே நேரத்தில் ஸ்பேட் ஏஸை இறக்க, பெரிய சண்டை. வெளியே விலங்குகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கிழக் குதிரை குளோவருக்குக் கண் மங்கிவிட்டது. எது பன்றி முகம், எது மனித முகம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

பென்ஜமினைத் தலைவனாக்கியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. புத்தகத்தில் அவனுக்குப் பன்றிகளுக்கு இணையாகப் படிக்கத் தெரியும். ஆனால் படிக்க மாட்டான். எந்த விலங்கும் இன்னொரு விலங்கைக் கொல்லக் கூடாது என்று சுவரில் எழுதிவைத்த ஆறாம் கட்டளையைத் திருத்திவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறாள் குளோவர். இந்த மாதிரி விஷயத்தில் தலையிட மாட்டேன் என்கிறான். ஆடு மியூரியல்தான் படித்துச் சொல்கிறாள். அப்புறம் ஒரு நாள், உழைத்தே நொடிந்துபோன குதிரை பாக்ஸரை ஏற்றிக்கொண்டு போக வண்டி வருகிறது. அன்றுதான் பென்ஜமின் முதன்முதலாக நாலுகால் பாய்ச்சலில் ஓடிவருகிறான். மற்றவை வண்டியைச் சுற்றி நின்று பாக்ஸருக்கு விடைகொடுத்துக்கொண்டிருக்கின்றன. முட்டாள்களே, வண்டியில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள் என்று கத்துகிறான். குதிரை அறுப்பவனின் வண்டி. உள்ளே பாக்ஸர் கதவை உதைக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்குகிறது. தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவனின் கதை இது. அவனை வீரனாக்கிவிட்டால், நம்மில் எத்தனை பேர் அவனைப் போல இருக்கிறோமோ அத்தனை பேரும் தப்பித்துவிடுவோம்.

கதையின் திருப்பம் எது என்று ஆர்வெல் 1946-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்: பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடம். ஜோன்ஸை விரட்டிய மறுநாளே அது தொடங்கிவிடுகிறது. ஐந்து வாளி நிறையப் பால், நுரையோடு. எங்கள் தீவனத்தில் ஜோன்ஸ் கொஞ்சம் கலப்பாரே என்கிறது ஒரு கோழி. பாலை விடுங்கள் தோழர்களே, அறுவடைதான் முக்கியம் என்று வாளிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறான் நெப்போலியன். எல்லோரும் வயலுக்குப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பிவந்து பார்த்தால் பாலைக் காணோம்.

அப்போது நெப்போலியனிடம் நாய்ப்படை கிடையாது, மரண தண்டனை கிடையாது. பால் எங்கே என்று நாலு பேர் உரக்கக் கேட்டிருந்தால் போதும். முடிவை மாற்றிவிட்டால் அந்தக் காட்சி மறந்துபோகும். எப்படியும் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்றால், முதல் நாள் வாளியைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ஜன்னலுக்கு வெளியே நம்மை நிற்கவைத்தால்தான், எங்கே விட்டோம் என்று மனம் பின்னோக்கி ஓடித் தேடும்.

அதனால் அந்த ஐந்து வாளிகளையும் தாராளமாக நேரம் எடுத்துக் காட்டுங்கள், நுரை தெரியும்படி. கடைசியில் குளோவரின் மங்கிய கண்களைக் காட்டிவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்