த்ரெட்போவின் செக் தாத்தா

கான்பரா

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரனுக்குக் காது குத்திய போட்டோவில் முதலில் கண்ணில் பட்டது உன் தொப்பைதான். தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே இவளுக்கு முதுகுவலி, எனக்கு முட்டிவலி. ஆளுக்கொன்று.

கடைசி வரியில் ஒரு கேள்வி போட்டிருந்தாயே, "ரிட்டயர் ஆகியாச்சு, இன்னும் அங்கே என்னடா இருக்கு?" என்று. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்துபோய்விட்டேன். இப்போதும் நேரான பதில் கைவசம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், படி.

ஜனவரியில் மகன் எங்களைப் பிடிவாதமாக த்ரெட்போவுக்குக் கூட்டிப்போனான். வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். முப்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், ஒருதடவைகூடப் போனதில்லை. கேட்டால் என்ன சொல்வது? ஆபீஸ், வீடு, ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவு. மலையடிவாரத்தில் ஒரு சின்ன கிராமம், நடுவில் சலசலவென்று ஆறு. மேலே போக சேர் லிஃப்ட். பழனி ரோப் கார் மாதிரிதான், ஆனால் பெட்டி கிடையாது. நாற்காலி பின்னாலிருந்து வந்து முட்டியில் இடிக்கும், அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். இவள் கந்த சஷ்டி கவசத்தை ஆரம்பித்தவள் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

அந்த ஊரில்தான் பிரிஹோடா தாத்தாவின் கதையைக் கேட்டேன். ஃபிரான்டிஷெக் என்ற பெயர் இங்கே ஃபிராங்க் ஆகிவிட்டது. 1921இல் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகில் பிறந்து, 2022இல் நூற்றியோரு வயதில் இறந்தவர்.

நல்ல பனிச்சறுக்கு வீரர். ஆனால் காலம் அவருடன் ஒத்துழைக்கவே இல்லை. அவருடைய பதினெட்டு வயதில் வரவேண்டிய 1940 குளிர்கால ஒலிம்பிக் போரால் ரத்து. இருபத்திரண்டில் வரவேண்டிய 1944ம் ரத்து. அக்கா சாஷா நெக்வாபில் 1948 குளிர்கால ஒலிம்பிக்குக்கு சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் போய் செக்கோஸ்லோவாக்கியாவுக்காகச் சறுக்கினார். பிப்ரவரி 8ஆம் தேதி போட்டி முடிந்தது. 25ஆம் தேதி பிராகில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அக்காவும் தம்பியும் நாட்டைவிட்டு வெளியேறி வந்து சேர்ந்த இடம் ஆஸ்திரேலியா. பனிக்குப் பெயர்போன தேசமா இது? யோசித்துப் பார், நீச்சல்காரன் ராஜஸ்தானுக்குக் குடிபோன கதை.

ஆனால் இங்கேயும் பனி விழும் மலைகள் இருக்கின்றன. ஒரு வேடிக்கை சொல்கிறேன். செக் நாட்டின் உச்சி ஸ்னெஷ்கா, 1,603 மீட்டர். த்ரெட்போவில் சேர் லிஃப்ட் நம்மை இறக்கிவிடும் இடமே 1,900க்கு மேல். தன் நாட்டின் உச்சியைவிட உயரமான இடத்துக்கு அந்த மனிதர் உட்கார்ந்தபடியே போய்வந்திருக்கிறார்!

சரி, 1956க்கு வருகிறேன். இத்தாலியில் கார்ட்டினா குளிர்கால ஒலிம்பிக். ஆஸ்திரேலிய அணியில் பிரிஹோடா இருந்தார், வயது முப்பத்து நான்கு. டோனி சைலர் என்ற இருபது வயது ஆஸ்திரியப் பையன் மலைச்சறுக்கில் மூன்று தங்கத்தையும் அள்ளிப்போன வருஷம் அது. ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்தவரைவிட ஆறு விநாடிக்கு மேல் முந்தினான். பதக்கமெல்லாம் கனவுதான். ஆனாலும் இரண்டு ஒலிம்பிக்கை ஹிட்லர் தின்றபின், மூன்றாவதைச் சொந்தக் கொடி இல்லாமலே எட்டிப்பிடித்தவர் என்று நினைக்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது. முப்பத்து நான்கில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? நீ பி.எஃப். லோனுக்கு அலைந்தாய். நான் விசாவுக்கு அலைந்தேன்.

அக்கா சாஷா கணவரோடு த்ரெட்போவில் விடுதி நடத்தினார். தம்பி முதலில் மெல்பர்னில் இருந்துவிட்டு, பின்னால் அதே கிராமத்துக்கு வந்து பரிசுப்பொருள் கடை வைத்தார். தொண்ணூறு தாண்டியும் பனியில் இறங்கினாராம். அந்த ஊரைத் தொடங்கிய நாலைந்து பேரில் ஒருவரும் செக்காரர்தான், டோனி ஸ்போனார். அந்த மலைப்பகுதியின் பெரிய நீர்மின் திட்டமான ஸ்னோயி மலை மின்திட்டத்தில் பனியையும் நீரையும் அளக்க வந்தவர், சரிவைப் பார்த்துவிட்டு, இங்கே சறுக்கலாமே என்றாராம். 1949 முதல் 1974 வரை நடந்த திட்டம் அது. முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒரு லட்சம் பேர் உழைத்தார்கள், 121 பேர் உயிரைவிட்டார்கள். போரில் எதிரெதிர் அணியில் இருந்தவர்கள் இங்கே ஒரே சுரங்கத்தில் பாறை உடைத்தார்கள்.

செக்காரர்களுக்கு மலை மேல் ஏன் இத்தனை மோகம் என்று துருவினேன். அப்போது கிடைத்த ஒரு கதையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். 1913 மார்ச், செக் நாட்டுக் கிர்கொனோஷே மலையில் 50 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம். புறப்படும்போது நல்ல வெயில், ஹன்ச் என்ற வீரர் தொப்பிகூட இல்லாமல் கிளம்பிவிட்டார். நடுவில் மழை, அப்புறம் பனிப்புயல். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், இவர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தார். அவருடைய சிநேகிதர் வர்பாடா போட்டியாளர்கூட இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். வழியில் ஹன்சைப் பார்த்ததும் தன் கோட்டையும் தொப்பியையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு பேருமே அன்று இறந்துபோனார்கள்.

படித்தவுடன் நம் ஹாஸ்டல் போர்வைதான் ஞாபகம் வந்தது. எனக்குக் காய்ச்சல் கண்ட மார்கழியில் உன் போர்வையையும் சேர்த்துப் போர்த்திவிட்டு, விடியவிடிய நீ லுங்கியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நீ மறந்திருப்பாய்.

த்ரெட்போ சேர் லிஃப்ட்டிலிருந்து இறங்கி, ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் உச்சியான கோஸியஸ்கோ சிகரம்வரை ஆறரை கிலோமீட்டர் நடை. பாதை முழுக்க இரும்புக் கம்பிவலை, தரையிலிருந்து சற்றுத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். நம் கால் மேலே போகும், செடி கீழே வளரும். குனிந்து பார்த்தேன், வலைக்கு அடியில் விரல்நுனி அளவு வெள்ளைப் பூக்கள். அந்தப் பக்கத்து யூகலிப்டஸ் மரங்கள் காற்றில் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. பட்டையில் பச்சை, காவி, சாம்பல் என்று கோடு கோடாக நிறம். பெரிய ஈ ஒன்று சட்டைக்கு மேலாகவே கடித்தது. நாலு கிலோமீட்டரில் முட்டி மறுத்துவிட்டது. மகன் மட்டும் உச்சிக்குப் போனான். நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபியைக் குடித்தேன். முப்பது வருஷம் இந்த நாட்டில் சம்பளம் வாங்கியிருக்கிறேன், மாப்பிள்ளை. இந்த மண்ணின் மேல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அதனால் இப்போதைக்கு வரவில்லை. அந்த மிச்சம் இரண்டரை கிலோமீட்டரை நடந்துவிட்டு யோசிக்கிறேன். அடுத்த ஜனவரியில் நீ வா, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. அந்த ரப்பர் செருப்போடு வராதே, ஒழுங்கான ஷூ வாங்கிக்கொள். வரும்போது நம்ம வைத்தியசாலை முட்டித் தைலம் இரண்டு பாட்டில். மூடியை நன்றாக டேப் சுற்றி எடுத்து வா, போன தடவை வேட்டியெல்லாம் நாற்றம்.

உன் பழைய ரூம்மேட்