படிக்கக் காசு கேளுங்கள், இணைப்புக்குக் கேட்காதீர்கள்: நாளிதழ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நாளிதழ் உரிமையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். சந்தா கட்டிச் செய்தி படிக்கிறவன் எழுதுகிறேன். நீதிமன்றத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுக்கும் நிருபருக்குச் சம்பளம் வேண்டும். விளம்பரத்தை மட்டும் நம்பி இனி அதைக் கொடுக்க முடியாது. 2010இல் லண்டன் டைம்ஸும் 2011இல் நியூயார்க் டைம்ஸும் இணையத்தில் படிக்கக் கட்டணம் வைத்தன. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

ஆனால் கட்டுரை இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒருவர் இன்னொருவருக்கு இணைப்பு (லிங்க்) கொடுத்துக் காட்டுவதற்கும் காசு கேட்பதுதான் பொறுக்கவில்லை. 2012இல் அயர்லாந்தில் வெளியே வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் தொண்டு அமைப்பு ஒன்று, நாளிதழ்ச் செய்திகளுக்குத் தன் தளத்தில் இணைப்பு கொடுத்திருந்தது. அதற்கு உரிமம் வாங்கச் சொன்னார்கள், அங்குள்ள நாளிதழ்கள் தரப்பில். ஐந்து இணைப்புகள் வரை 300 யூரோ! அந்த இணைப்பைத் தொட்டவர்கள் போய்ச் சேர்ந்ததே நாளிதழ்களின் பக்கத்துக்குத்தான்.

பெரிய நிறுவனங்களிடம்தானே கேட்கிறோம் என்பீர்கள். கூகுளும் ஃபேஸ்புக்கும் விளம்பரப் பணத்தை அள்ளிக்கொண்டது உண்மை. அதற்கு வரி போடச் சொல்லுங்கள், விளம்பரச் சந்தையின் ஏகபோகத்தை உடைக்கச் சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். இணைப்பில் கைவைத்தால் அடி உங்களுக்கே விழும். செய்தித் துணுக்குகளைக் காட்டும் தளங்கள் நாளிதழ்களுக்குப் பணம் தர வேண்டும் என்று ஸ்பெயின் சட்டம் கொண்டுவந்ததும் 2014 டிசம்பரில் கூகுள் நியூஸ் அங்கே கடையைக் கட்டியது. திரும்பி வர 2022 ஆயிற்று. அதே 2014இல் ஜெர்மனியின் நாளிதழ் நிறுவனமான ஆக்ஸல் ஸ்பிரிங்கர், தன் செய்தித் துணுக்குகளைக் கூகுள் காட்டக் கூடாது என்று இரண்டு வாரம் நின்று பார்த்தது. தேடல் வழி வந்த வாசகர் வரத்து சுமார் 40 சதவீதம் சரிந்ததும் இறங்கி வந்தது.

கனடாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. இணைப்புக்குப் பணம் தரச் சொன்ன சட்டத்தைக் காட்டி, 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அங்கே செய்திகளை அடியோடு நிறுத்தியது. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கி வந்து, யெல்லோநைஃப் நகரத்தையே காலிசெய்யச் சொன்னார்கள். தீ எங்கே வந்திருக்கிறது, எந்தச் சாலையில் போகலாம் என்ற செய்திகளை ஃபேஸ்புக்கில் பகிரப் போனவர்களால் முடியவில்லை. தடுத்தது மெட்டா, அந்தப் பழி அதனுடையது. ஆனால் இணைப்புக்கு விலை வைத்த சட்டத்தைக் கேட்டு வாங்கியது நாளிதழ்களின் சங்கங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 காப்புரிமை உத்தரவு, 15ஆம் பிரிவில், வெறும் இணைப்புக்கு உரிமை கோர முடியாது என்று தெளிவாகவே சொல்கிறது. எந்த நாட்டில் சட்டம் கேட்டுப் போனாலும் இந்த ஒரு வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள். தேடுபொறி தங்கள் பக்கங்களைப் படிக்கவே வேண்டாம் என்கிறவர்களுக்கு, எதைப் படிக்கலாம், எதைக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் இரண்டு வரி போதும், சட்டம் தேவையில்லை. வெள்ளம், தீ, தொற்று என்று உயிர் போகிற நேரத்துச் செய்திகளை மட்டும் சந்தா கேட்காமல் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்